பொன்னுக்குத் தோண்டிய ஆழத்தில்

தக்கலையிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்வோர் மணவாளக்குறிச்சியில் கருமையும் செம்மையும் விரவிய மணலைக் காண்பர். 1909ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் ஷோம்பர்க் இக்கரையின் மணலில் மோனசைட்டை அடையாளங் கண்டார். அதிலுள்ள தோரியம் ஓயாது சிதைகின்றது. அதன் வழித்தோன்றல்களின் பீட்டாச் சிதைவு ஒவ்வொன்றிலும் நியூட்ரினோ இனத் துகளொன்று வெளிப்பட்டு, நிலத்தையும் நடப்பவர் உடலையும் தடையின்றிக் கடந்துவிடுகின்றது. நாஞ்சில் நாட்டார் தலைமுறை தலைமுறையாக மிதித்த மணல் இது. ஆயினும் இவ்வினத்தின் தடம் இந்தியாவில் முதலில் அகப்பட்டது கோலார் தங்கவயலின் பாதாளத்தில்தான்.

தங்கவயல் கன்னட நாட்டினதாயினும் அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். பாறை வெடிப்புக்கும் கல்தூசிக்கும் உயிர் கொடுத்தவர் பலர். அறிவியல் கட்டுரைகள் சுரங்கத்தின் ஆழத்தைக் குறிக்கின்றன. தோண்டிய கைகளைக் குறிப்பதில்லை.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் 1950களின் தொடக்கத்திலேயே அங்கு அண்டக் கதிர்களை அளக்கலாயினர். ஆழம் கூடக்கூட மியூவான் துகள்கள் அருகின. மிக ஆழத்தில் இரண்டு திங்கள் காத்திருந்தும் ஒன்றேனும் வரவில்லை. வெறுங்கை என்று பிறர் சோர்ந்திருக்கக்கூடும்; அவர்களோ அந்த அமைதியையே வாய்ப்பாகக் கொண்டனர். மேலிருந்து எதுவும் வாராத இடத்தில் பக்கவாட்டில் ஒரு மியூவான் வருமாயின், அது பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும்.

எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம் ஆகியோர் ஒசாகா, டர்ஹம் அறிஞர்களுடன் கூடி, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல் நிறுத்தினர். அவற்றில் நியான் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களும் இருந்தன. துகள் கடந்ததும் மின்னழுத்தம் பாய, அது சென்ற வழிக் குழாய்கள் ஒளிர்ந்தன. 1965 ஆகஸ்டில் முடிவு அச்சேறியது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவினர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஒரு நிகழ்வைப் பதிந்திருந்தனர். அச்சில் முந்தியது கோலார்.

அடுத்த முயற்சி இன்னும் துணிவானது. புரோட்டானே சிதையும் என்றது அக்காலக் கோட்பாடு. 1980இல் ஏறத்தாழ 140 டன் எடையுள்ள கருவி இயங்கத் தொடங்கியது. இரும்புக் குழாய்க்குள் மெல்லிய கம்பி; சுற்றிலும் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. மின்னேற்றத் துகள் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்க்க, அவை கம்பியை நோக்கி விரைந்து பெருகித் துடிப்பாகின்றன. இத்தகைய குழாய்கள் அடுக்கடுக்காக 34 வரிசை. புரோட்டான் சிதைவெனக் கருதத்தக்க சில நிகழ்வுகளைக் குழுவினர் அறிவித்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய கருவிகள் தேடியும் அச்சிதைவு காணப்படவில்லை. நியூட்ரினோவே அந்நிகழ்வுகளுக்குக் காரணமாயிருத்தல் கூடும். இதனைத் தோல்வி என எழுதுவது முறையன்று. எதைத் தேடினாரோ அதன் நிழலையும் ஒளிக்காது பதிந்தவர் அவர்.

கோலார் ஆய்வுகள் 1992இல் முடிந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. குழாய்கள் துருவேறிக் கிடக்கவில்லை. உதகையின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் அவை மீண்டும் வாயு நிரப்பப்பட்டு மியூவான்களை எண்ணலாயின. 2014 டிசம்பர் 1 அன்று உதகை வானில் திரண்ட இடிமேகமொன்றின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அந்தக் கணக்கிலிருந்தே 2019இல் தெரியவந்தது.