குப்பம் என்பது குவிந்த இடம்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு நெல்லிக்குப்பம் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். அரவைக் காலத்தில் கரும்புப்பாகின் இனிப்பும் மொலாசஸின் புளிப்பும் கலந்த ஒரு வாடை. ஆலைக்குப் போகும் டிராக்டர் வேகம் குறைத்தால் போதும், பள்ளி விட்டு வரும் பையன்கள் பின்னால் ஓடி ஒரு கழியை உருவிவிடுவார்கள். நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று இது. பாரி நிறுவனம் 1842இல் தொடங்கியது. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் வண்டல். கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. பிறகு இந்த ஊருக்கு எப்படி வந்தது குப்பம்?

சென்னைக்காரர் இப்படித்தான் கேட்பார். அவருக்குக் குப்பம் என்றால் நொச்சிக்குப்பம், அயோத்திக்குப்பம். படகு, வலை, கருவாடு. கடலூர் முதுநகரில் சோனங்குப்பமும் அந்த வகைதான். ஆனால் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். உப்புக்காற்றே படாத குப்பங்கள் எத்தனையோ இருக்கும். மதுரைப் பக்கம் பட்டி, கொங்கில் பாளையம், நடுநாட்டில் குப்பம்.

குவி, குவை, குவியல், குப்பல், குப்பை, குப்பம் எல்லாம் ஒரே குடும்பம். தெலுங்கில் குப்ப, கன்னடத்தில் குப்பெ. இரண்டுக்கும் குவியல் என்றே பொருள். குப்பை என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் நாற்றம் கிடையாது. சங்கப் பாடல்களில் உமணர் விற்ற உப்பும் குப்பைதான், களத்து நெல்லும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது, எழுத்தாளர் சோம.லெ. பிறந்த ஊர். நெல் குவிந்தது நெற்குப்பை என்றால், வீடுகள் குவிந்தது குப்பம். நெல்லி மரத்தடியில் நாலு குடிசை நெருக்கியடித்து நின்றிருக்கும், அவ்வளவுதான். மீனவரும் மணல்மேட்டில் அப்படியே நெருங்கி வாழ்ந்ததால் சொல் அவர்களிடம் போய் ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

சேரிக்கும் இதே கதிதான். சேர்ந்து வாழும் இடம் சேரி. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காகக் குடியேற்றியது தளிச்சேரி. இன்று அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். குப்பையும் கழிவானது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைத்தார்கள். எமனுக்குக்கூட வேண்டாத பிள்ளை என்று காட்டும் தந்திரம்.

நல்ல வேளையாக, எங்கள் மாவட்டத்தில் குப்பம் அவ்வளவு தாழவில்லை. பழைய தென்னார்க்காடு காலத்திலிருந்து, 1993இல் மாவட்டம் பிரிந்த பிறகும், கலெக்டர் ஆபீஸ் என்றாலே எங்களுக்கு நெடுங்காலம் மஞ்சக்குப்பமாகத்தான் இருந்தது. வடலூர் வள்ளலார் 1874 சனவரி 30 அன்று சித்தி வளாகத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் ஒரு குப்பத்தில்தான், மேட்டுக்குப்பத்தில்.

அங்கிருந்து இன்னும் மேற்கே போனால் நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு நகரியம் எழுந்தபோது அதன் பகுதிகளுக்கு வட்டம் என்று எண் போட்டார்கள். ஊர்ப்பெயர் மாதிரியே இல்லை, கோப்பு எண் மாதிரி இருக்கிறது. சுரங்கத்தை ஒட்டிய கடைத்தெருவோ இன்றைக்கும் மந்தாரக்குப்பம்தான். நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை வெட்டி இயந்திரங்கள் கொட்டிக்கொண்டே போக, தட்டையாயிருந்த சீமையில் குன்று முளைத்திருக்கிறது. மழை பெய்தால் அதன் சரிவில் செம்மண் ஓடை ஓடையாக வழியும். இங்குள்ளவர்கள் அதை மண்மேடு என்கிறார்கள். சங்கப் புலவர் பார்த்திருந்தால் குப்பை என்றே எழுதியிருப்பார்.