கமலைத் தோலும் நம் கிணறுகளும்



யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், அதற்குக் கல்லும் பொன்னும் ஈந்தோர் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். தோல் தைத்தோரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆதலால் அப்பொறுப்பை நாமே எடுத்துக்கொண்டோம்.

பெரியாற்று நீர் 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்தது. 1959-இல் வைகை அணை நம் வாசலருகே எழுந்தது. நீரோ கிழக்கே மதுரைச் சீமைக்குப் போயிற்று. ஆண்டிபட்டி வட்டாரத்து மானாவாரிக் காடுகளுக்கு மழையும் கிணறுமே கதி. மோட்டார் வருமுன் அக்கிணற்று நீரை மேலே கொணர்ந்தது கமலை.

இளையோர் அதைக் கண்டிரார். ஆகவே சற்று விளக்குவோம். கூனையின் அடியில் நீண்ட தோல் வால் ஒன்று பொருத்தியிருக்கும். மாடுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்க, கூனை மேலே ஏறும். வாலின் நுனியை மெல்லிய கயிறொன்று மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருப்பதால் நீர் சிந்தாது. கிணற்று விளிம்புக்கு வந்ததும் வால் தொட்டிக்குள் நீண்டு விழ, நீர் தானே கொட்டும். மாடுகள் பின்னோக்கி நடந்தால் கூனை மறுபடி இறங்கும். கவிழ்த்து ஊற்ற ஓர் ஆள் வேண்டியதில்லை. ஆனால் வாலில் ஒரு தையல் விட்டாலும் நீர் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

அந்தத் தையலைப் போட்டவர்கள் அருந்ததிய மக்கள். இறந்த மாட்டைச் சுமந்து, உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்கில் கிடத்திப் பதமாக்கி, வாரால் தைத்துத் தந்தார்கள். கூலி, அறுவடையின்போது களத்தில் அளக்கும் தானியம். அவர் தைத்த தோல் நாளெல்லாம் கிணற்றுக்குள் இறங்கி ஏறும்; பல ஊர்களில் அவர் வீட்டுக் குடம் மட்டும் அதில் இறங்கக்கூடாது. நரைத்த முதியவரையும் சின்னஞ்சிறு பையன் 'வாடா' என்று அழைப்பான். நம் கோவில்கள் சிலவற்றிலும் தனி இடமும் தனிக் கல்லறையும் இருந்தன என்பதை நாம் மறைத்தலாகாது.

சென்னையில் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1903-இல் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது, அவர் கருத்தில் இருந்த பண்டங்களுள் கமலைத் தோலும் ஒன்று. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தமிழகத் தோல் அதற்கு முன்னரே 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தது. நமக்கு அண்மையில் திண்டுக்கல்லில் தொழில் செழித்தது. ஆனால் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நீரை ஏற்றிக் கொடுத்த தொழில் நீரையே கெடுத்த கதை இது. அதன் கேட்டை முதலில் சுமந்தவர்களும் அவ்வாலைகளில் வெறுங்கையோடு வேலை செய்த ஏழைகளே.

இத்தாலியின் பிளாரன்சு நகரில் திருச்சிலுவைப் பேராலயத்தை ஒட்டிய பிரான்சிஸ்கன் மடத்தில், 1950-இல் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தோல் வேலைப் பள்ளி தொடங்கினார்கள். அங்கு தோல் தைப்பவர் கலைஞர். உலகமே வந்து நின்று பார்க்கிறது. இங்கு அதே ஊசியும் வாருமாக இருந்தவரை ஊருக்கு வெளியே குடிவைத்தோம். யோப்பாவில் தோல் பதனிடுபவராகிய சீமோன் வீட்டில் பல நாள் தங்கிய இராயப்பரைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! அந்த வீடு எத்தகையது என்று ஒருமுறையேனும் சொன்னோமா?

கமலை போய்விட்டது. அத்தொழிலைப் பேரப்பிள்ளைகள் விட்டதில் நமக்கு எள்ளளவும் வருத்தமில்லை. பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையை மரபு என்று போற்றுவது எளிது, செய்தவருக்கே அதன் நாற்றம் தெரியும். அவர்தம் பெயர்கள் எங்குமே எழுதப்படாமல் போனதுதான் நமக்கு வருத்தம். ஆகவே, தாத்தாமார் எந்தத் தோட்டத்துக் கமலைக்கு வால் தைத்தார்கள் என்பதை அறிந்தோர், அவர்தம் பெயரைப் பங்கு அலுவலகத்தில் எழுதித் தருமாறு வேண்டுகிறோம். அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மேசைமேல் வைத்துள்ளோம்.