மார்செய் முதல் நவ் ஷாப்பெல் வரை: பிரான்சில் இந்தியப் படையினரின் முதல் நாட்கள் (1914)

முதல் உலகப் போரில் ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட முதல் இந்தியத் தரைப்படை 1914 செப்டம்பர் 26 அன்று பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. முதலில் வந்தது லாகூர் டிவிஷன். மீரட் டிவிஷன் அக்டோபரில் வந்து சேர்ந்தது. தளபதி ஜெனரல் ஜேம்ஸ் வில்காக்ஸ். இறங்கிய ஒரு மாதத்துக்குள் இப்படையின் முன்னணிப் பட்டாலியன்கள் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்குத் தெற்கே பதுங்குகுழிகளில் இருந்தன. இந்தியக் காலாட்படை பிரான்சில் பட்ட துன்பங்களில் பல, இந்த ஒரு மாதத்து அவசரத்தில் தொடங்கியவை.

பிரிட்டன் போர் அறிவித்தது ஆகஸ்ட் 4 அன்று. அம்மாத இறுதியிலேயே கராச்சியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் லாகூர் டிவிஷனின் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. எகிப்து வரை வந்தபின் அதன் மூன்று பிரிகேடுகளில் ஒன்றான சிர்ஹிந்த் பிரிகேடு சூயஸ் கால்வாய்க் காவலுக்கென நிறுத்திக்கொள்ளப்பட்டது. எனவே மார்செய்யில் இறங்கியபோதே டிவிஷன் முழுப் பலத்துடன் இல்லை. கடற்பயணமும் கவலைக்குரியதாகவே இருந்தது. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் அப்போது வங்கக் கடலில் உலவியது. முதல் அணி மார்செய்யில் கால்வைத்ததற்கு நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 22 இரவு, அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்திருந்தது.

வந்தவர்கள் பஞ்சாப் முஸ்லிம்கள், சீக்கியர், பட்டாணியர், டோக்ராக்கள், ஜாட்டுகள், கர்வாலிகள், கூர்க்காக்கள். இந்தக் காலாட்படையில் தென்னிந்தியப் பட்டாலியன் எதுவும் இல்லை. வடக்கத்திய இனங்களில் சிலவே போருக்குத் தகுந்தவை என்ற பிரிட்டிஷ் கொள்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சென்னை ராஜதானியின் படைகளைச் சுருக்கிவந்தது. தமிழ் ஊரின் பெயர் தாங்கிய 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படை அதே ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரைக்கு அனுப்பப்பட்டது.

மார்செய் மக்கள் தெருக்களில் திரண்டு வரவேற்றார்கள். அணிவகுத்துச் சென்ற சிப்பாய்களின் சட்டையில் பெண்கள் பூச் செருகினார்கள். பொரேலி, லா வாலன்டீன் ஆகிய இடங்களில் கூடாரமடித்துத் தங்கவைக்கப்பட்டனர். கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம் என ஊர் உணவே வழங்கப்பட்டது. ஆடுகள் உயிரோடு கொண்டுவரப்பட்டு, முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் அவரவர் முறைப்படி தனித்தனியே அறுக்கப்பட்டன. சமயத்தைப் பொறுத்தவரை நிர்வாகம் உண்மையான கவனம் எடுத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆயுதத்திலும் உடையிலும் அந்தக் கவனம் இல்லை. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கிகளை மார்செய்யிலேயே ஒப்படைத்துவிட்டு, பிரான்சில் வழக்கிலிருந்த ஏழாம் வகைத் தோட்டாவுக்கு ஏற்ற புதிய லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டார்கள். இது சிறிய மாற்றமன்று. புதிய தோட்டா கூர்முனை கொண்டது, வேகம் மிக்கது. அதன் பாதை வேறு, குறிக்காட்டியின் அளவும் வேறு. ஆண்டுக்கணக்கில் ஒரே துப்பாக்கியில் குறிபார்த்துப் பழகிய கண்ணும் தோளும் புதியதற்கு இணங்க நாள் வேண்டும். அந்த நாட்கள் தரப்படவில்லை. உடுத்தியிருந்ததோ வெப்ப நாட்டுக்கான மெல்லிய பருத்திக் காக்கி. கம்பளி உடைகள் பலருக்குக் குளிர் தொடங்கிய பிறகே வந்தன. அக்டோபரில் லண்டனில் தொடங்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் நிதி, இத்தகைய குறைகளை நிரப்ப முயன்ற அமைப்பு.

மார்செய்யிலிருந்து ரயிலில் ஓர்லியான், அங்கிருந்து வடக்கே போர்முனை. ஈப்ர் பகுதியில் ஜெர்மானியத் தாக்குதல் முற்றியிருந்ததால், முன்னணிப் பட்டாலியன்கள் அக்டோபர் 22 வாக்கில் மோட்டார் பஸ்களில் ஏற்றி விரைந்து அனுப்பப்பட்டன. 57ஆவது வைல்டு ரைஃபிள்ஸ், 129ஆவது பலூச்சி ஆகியவை ஒன்றாகப் போரிட வைக்கப்படவில்லை. கம்பெனி கம்பெனியாகப் பிரித்து, பிரிட்டிஷ் குதிரைப்படை வரிசையின் ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள். பழகிய அதிகாரி ஒரு பக்கம், பக்கத்துக் கம்பெனி வேறு பக்கம். புதிய மண்ணில் வந்திறங்கிய சிப்பாய்க்கு இதைவிடக் கடினமான தொடக்கம் இருந்திருக்க முடியாது.

அந்த நிலையிலும் அவர்கள் நின்றார்கள். அக்டோபர் 31 அன்று ஹொலபேக் அருகே பலூச்சிப் படையின் இரு இயந்திரத் துப்பாக்கிகளில் ஒன்று குண்டுபட்டுச் செயலிழந்தது. மற்றதை இயக்கிய குழுவில் இருந்த குதாதத் கான், காயமுற்ற பின்பும் சுட்டுக்கொண்டே இருந்தார். உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்ட பிறகுதான் அவர் ஊர்ந்து மீண்டார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. 1971இல் பாகிஸ்தானில் காலமானார்.

தெற்கே நவ் ஷாப்பெல் சிற்றூரை மீட்கும் பொறுப்பு அக்டோபர் 28 அன்று 47ஆவது சீக்கியர் படைக்கும், 20, 21ஆம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் கம்பெனிகளுக்கும் தரப்பட்டது. சாப்பர்கள் பாலம், அகழி, வெடி வேலை அறிந்த பொறியாளர்கள். ஆள் பற்றாக்குறையால் காலாட்களாக இறக்கப்பட்டார்கள். வீடு வீடாகப் போரிட்டு ஊருக்குள் நுழைந்தவர்களால், துணைப்படை வராததால், பிடித்த இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை. அந்த இரு கம்பெனிகளின் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். பதுங்குகுழிப் போருக்கு மிகவும் தேவைப்பட்ட தேர்ச்சி ஒரே நாளில் பறிபோனது.

மீரட் டிவிஷனின் 8ஆவது கூர்க்கா படையின் இரண்டாம் பட்டாலியனுக்கு வாய்த்தது வேறு வகைத் துன்பம். அம்மாத இறுதியில் அவர்கள் பொறுப்பேற்ற குழிகள் உயரமான பிரிட்டிஷ் சிப்பாய்களின் அளவுக்கு வெட்டப்பட்டவை. குட்டையான கூர்க்காக்களால் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்கவோ சுடவோ இயலவில்லை. படிக்கட்டு அமைக்க நேரம் கிடைக்குமுன்பே குண்டுமழை தொடங்கிவிட்டது. அக்டோபர் 30 அன்று பெரும் இழப்போடு அந்த வரிசையை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது.

ஒவ்வொரு இந்தியப் பட்டாலியனிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு டஜன் அளவிலேயே இருந்தார்கள். சிப்பாயின் மொழி, ஊர், குடும்ப நிலை எல்லாம் அறிந்தவர்கள் அவர்கள். முதல் வாரங்களிலேயே அவர்களில் பலர் மடிந்தனர். மாற்றாக வந்தவர்களில் பலருக்குத் தங்கள் ஆட்களின் மொழியே தெரியாது. இந்திய அதிகாரிகளான சுபேதார்களும் ஜமேதார்களும் எத்தனை அனுபவம் பெற்றிருந்தாலும், அன்றைய விதிப்படி பட்டாலியன் தலைமையை ஏற்க முடியாது. இந்தக் குறை 1915 இறுதியில் இரு டிவிஷன்களும் மெசபட்டோமியாவுக்கு மாற்றப்படும்வரை தீரவில்லை.