700 எம்பி: ஒரு எண்ணோட கதை

இன்னைக்கு ஒரு எண்ணோட வரலாறு பேசலாம். நெட்ல சுத்துற படங்களுக்குப் பக்கத்துல 700 எம்பி, 1.4 ஜிபின்னு போட்டிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. ஏன் 600 இல்ல, 1000 இல்ல? 700 எம்பின்னா ஒரு சிடி. 1.4 ஜிபின்னா ரெண்டு சிடி. சிடி போடவே வழியில்லாத லேப்டாப்புக்கும் அந்தத் தட்டோட அளவுதான் வந்து சேர்ந்திருக்கு.

கதை 1982ல ஆரம்பிக்குது. பிலிப்ஸும் சோனியும் கொண்டுவந்த சிடி, பாட்டுக்காகச் செஞ்ச தட்டு. 74 நிமிஷம் இசை. தட்டுல இருக்கற தகவல் செக்டார் செக்டாரா பிரிஞ்சிருக்கும். பிளேயர் ஒரு விநாடிக்கு 75 செக்டார் படிக்கும். கணக்குப் போட்டா விநாடிக்குச் சுமார் 1.4 மெகாபிட். பாட்டுக்கு அது சரியா இருந்துச்சு.

படத்துக்கு? 352க்கு 288 புள்ளிகள், விநாடிக்கு 25 ஃபிரேம். இவ்வளவு சின்னப் படமே சுருக்காம வச்சா விநாடிக்கு 30 மெகாபிட் கேட்கும். 1988ல தொடங்கின எம்பெக் குழு முதல்ல கையில எடுத்த வேலை இதுதான்: படத்தையும் ஒலியையும் சேர்த்து 1.5 மெகாபிட்டுக்குள்ள அடக்கணும். அப்படிப் பிறந்தது எம்பெக்-1. அதை வச்சு 1993ல விசிடிக்கான விதிமுறை வந்துச்சு. படத்துக்கு 1,150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். கிட்டத்தட்ட 26 மடங்கு சுருக்கம்!

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. 700 எம்பி தட்டுல இருந்த விசிடி படத்தைக் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணா, கோப்பு 800 எம்பி வரைக்கும் காட்டும். கூடுதல் 100 எம்பி எங்கிருந்து வந்துச்சு? சாதாரண டேட்டா சிடியில ஒவ்வொரு செக்டார்லயும் 2,048 பைட்தான் நமக்கு. மிச்ச இடத்துல பெரும்பகுதி, கீறல் விழுந்தா பிழையைத் திருத்தறதுக்கான தகவல். விசிடி அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து 2,324 பைட் எடுத்துக்கிச்சு. ஒரு பிட் தப்பினா டாக்குமெண்ட் திறக்காமலே போகலாம். படத்துல ஒரு மூலை கொஞ்ச நேரம் கலங்கும், அவ்வளவுதானே? கீறல் விழுந்த விசிடியில முகமெல்லாம் சதுரம் சதுரமா உடைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த சிக்கல் நம்ம ஊர்ச் சிக்கல். ரெண்டரை மணி நேரப் படம்னா 150 நிமிஷம். ரெண்டு 74 நிமிஷத் தட்டு சேர்ந்தா 148. ரெண்டே நிமிஷம் இடிக்குது! மூணாவது தட்டு போடணும், இல்ல எதையாவது வெட்டணும். 80 நிமிஷத் தட்டு வந்தப்புறம் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது.

நினைச்ச இடத்துல பிரிக்கவும் முடியாது. எம்பெக்ல எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்ல. அரை விநாடிக்கு ஒண்ணுன்னு முழு ஃபிரேம் வரும். நடுவுல இருக்கறதெல்லாம் பக்கத்து ஃபிரேம்ல இருந்து என்ன மாறுச்சுங்கற குறிப்பு மட்டும்தான். குறிப்புக்கு நடுவுல வெட்டினா ரெண்டாவது தட்டு கலங்கலாத்தான் தொடங்கும். வெட்டு முழு ஃபிரேம்ல விழணும். கதையிலயும் உறுத்தாத இடமா இருக்கணும்.

1990களோட கடைசியில டிவ்எக்ஸ் வந்துச்சு. மைக்ரோசாஃப்டோட எம்பெக்-4 கோடெக்கை மாத்தி, பிரான்ஸைச் சேர்ந்த ஜெரோம் ரோட்டா வெளியிட்டது. இப்போ படம் வெறும் கோப்பு. 80 நிமிஷ டேட்டா சிடியில 700 எம்பி. ரெண்டரை மணி நேரத்துக்குப் பங்கு போட்டா விநாடிக்கு 650 கிலோபிட். ஒலிக்கு 128 ஒதுக்கினா படத்துக்குச் சுமார் 520 மிஞ்சும். விசிடியில பாதி கூட இல்ல. ஆனா புது கோடெக் கெட்டிக்காரத்தனமா சுருக்கினதால, ஒரு முழுப் படம் ஒரே தட்டுல பார்க்கற மாதிரி உட்கார்ந்துச்சு. அங்கதான் 700 நிலைச்சுப் போச்சு.

சரி, பழைய கதைதானே, இன்னைக்கு எதுக்குன்னு கேட்கலாம். சுருக்கறது ஒருவழிப் பாதை, அதனாலதான். 2000கள்ல நிறைய வீட்டுக் கல்யாண விஎச்எஸ் கேசட்டை விசிடியா மாத்தினாங்க. நம்ம ஊர் விஎச்எஸ்ல 576 வரி, விசிடியில 288தான். பாதி வரி அன்னைக்கே போயிடுச்சு. கேசட்ல விநாடிக்கு 50 தடவை பதிவான அசைவும் 25 ஆச்சு. இப்போ அந்த விசிடியை ஏஐ வச்சு 4கே ஆக்கலாம். ஆனா அது வரைஞ்சு நிரப்பற முகம் ஊகம். உங்க பாட்டி அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல.

அதனால வீட்டுப் பரண்ல கேசட் இன்னும் இருந்தா, "அதான் சிடி போட்டாச்சே"ன்னு தூக்கிப் போடாதீங்க. பூஞ்சை பிடிக்கறதுக்குள்ள திரும்ப ஒருமுறை மாத்துங்க. இந்தத் தடவை முழு 576 வரியோட. மாத்தினதுக்கு அப்புறமும் கேசட்டைப் பத்திரமா வைங்க. தட்டுக்கு இடம் பத்தலைன்னுதான் அன்னைக்கு வெட்டினோம். இன்னைக்கு நம்மகிட்ட இடத்துக்குப் பஞ்சமில்ல.