நிறைந்துபோன டிஸ்க்கும் வந்துசேராத செய்தியும்

(பாட்காஸ்ட் உரையின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு இரண்டு வாரம் தாமதம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன்னா, அந்தக் காரணம்தான் இன்றைய தலைப்பு.

போன மாதம் என் லேப்டாப் திடீரென்று படுத்துவிட்டது. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு எல்லா ஃபைலும் தானாகவே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் ஆகிற மாதிரி அமைத்து வைத்திருந்தேன். சர்வீஸ் கடைத் தம்பி கேட்டார்: "அண்ணே, பேக்கப் இருக்கா?" "தினமும் எடுக்கிறேனே" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் அந்த டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அண்ணே, கடைசித் தேதி ஏழு மாசத்துக்கு முந்தி இருக்கே" என்றார்.

டிஸ்க் நிறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். ஏழு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த மென்பொருள் முயன்றிருக்கிறது, இடம் இல்லாமல் தோற்றிருக்கிறது. திரையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் அடையாளம் வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதை மூடி மூடியே பழகிவிட்டேன்.

அந்த ஏழு மாதத்தில் என்ன போயிற்று? பல ஃபைல்கள் போனால் போகட்டும். ஒன்று மட்டும் மனதை அறுத்தது. என் அத்தை எழுபதுகளில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவங்க. அவங்க அனுபவத்தை ஒரு எபிசோடுக்காக மூன்று மணி நேரம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதற்கப்புறம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது ஓரிரு வார்த்தைதான் பேசுறாங்க. திரும்பப் பதிவு செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வருத்தத்தில்தான் ஒரு கேள்வி வந்தது. நான் ஒருத்தன்தான் இப்படி ஏமாந்தேனா? தேடிப் படித்தபோது, என்னைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரர்கள் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதில் மூன்று கதைகளை இன்று சொல்கிறேன்.

முதல் கதை 1998-ல் நடந்தது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பாயிண்ட் ரிச்மண்ட் என்ற இடத்தில் அப்போது பிக்ஸார் நிறுவனம் இருந்தது. முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி'யை 1995-ல் கொடுத்தவர்கள். இப்போது 'டாய் ஸ்டோரி 2' வேலை மும்முரமாக நடக்கிறது. இந்த மாதிரிப் படத்தில் ஃபிலிம் சுருள் கிடையாது. வுடி என்ற பொம்மையின் தொப்பி ஒரு ஃபைல், பூட்ஸ் இன்னொரு ஃபைல். படம் என்பதே அந்த ஃபைல்கள்தான்.

படத்தின் தொழில்நுட்பக் குழுவில் இருந்த ஓரன் ஜேக்கப் ஒருநாள் சக ஊழியர்களோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வுடியின் ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டர். பார்க்கப் பார்க்க ஃபைல்கள் குறைகின்றன. தொப்பி காணோம். பூட்ஸ் காணோம். கொஞ்ச நேரத்தில் வுடியே காணோம்! மற்ற பாத்திரங்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. யாரோ எங்கேயோ ஓர் அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார்கள். யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் 'ஆர்எம்' என்ற கட்டளை அது. எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே போகும்.

ஜேக்கப் சர்வர் அறைக்குப் போன் போட்டு, மெஷினின் மின் இணைப்பையே பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது.

சரி, பேக்கப் இருக்கிறதே? அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். டேப்பில் இருந்த நகலைத் திரும்ப ஏற்றினார்கள். எல்லோரும் நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தார்கள். சில நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. ஏற்றின நகலே கோளாறு. நிறைய ஃபைல்கள் இல்லை. பேக்கப் ஒரு மாதமாகவே சரியாக வேலை செய்யவில்லை.

ஏன் வேலை செய்யவில்லை? நேயர்களே, இங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். ஜேக்கப் பின்னாளில் சொன்ன விவரப்படி, பேக்கப் ஃபைலின் அளவு 4 ஜிபியைத் தொட்டதும் அதன் உச்சவரம்பு வந்துவிட்டது. அதன் பிறகு புதியது எழுதப்பட எழுதப்பட, பழையது வெளியே தள்ளப்பட்டது. அப்படியானால் பிழைச் செய்தி வந்திருக்க வேண்டுமே? இடம் தீர்ந்துபோனதைக் குறித்துவைக்க ஒரு ஃபைல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஃபைலும் அதே நிறைந்துபோன டிஸ்க்கில்தான் இருந்தது. "இடமில்லை" என்று எழுதக்கூட அங்கே இடமில்லை! அதன் அளவு பூஜ்யம் பைட். பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? பிழை எதுவும் இல்லை என்றுதானே தெரியும்?

அந்த 4 ஜிபி கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 32 பிட் எண்ணை வைத்து பைட்டுகளை எண்ணினால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரைதான் எண்ண முடியும். அதுதான் 4 ஜிபி. அதற்கு மேல் எண்ணத் தெரியாது. பழைய பள்ளிக்கூட மணிச்சட்டத்தில் மணி தீர்ந்துபோன மாதிரி. இன்றைக்கும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்குக் குறைவான ஃபைலைத்தான் வைக்க முடியும். டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் ஒரு பெரிய வீடியோவைப் போட்டால் ஏற்காது. நிறைய பேர் டிரைவ் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கெட்டுப்போகவில்லை, ஃபார்மட்டை மாற்றினால் போதும். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பிக்ஸாருக்குத் திரும்புவோம். படத்தை மறுபடி உருவாக்க வேண்டுமென்றால் 30 பேர் ஒரு வருஷம் முழுக்க உழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதாக, அப்போது நிறுவனத் தலைமையில் இருந்த எட் கேட்முல் எழுதியிருக்கிறார். எல்லோரும் கூட்டம் போட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவருக்குச் சமீபத்தில்தான் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வசதியாக, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். படத்தின் ஃபைல்கள் அதிலும் அவ்வப்போது நகலாகிக்கொண்டிருந்தன.

உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பின் சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுகிற மாதிரி சீட் பெல்ட் போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ் வாசலில் ஆட்கள் காத்திருந்து, ஒரு பலகையில் வைத்துப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நகல் சில வாரம் பழையது. ஆனாலும் இருந்தது! அப்புறம் சுமார் ஒரு லட்சம் ஃபைல்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதில் ஏறக்குறைய 30 ஆயிரத்தை மனிதர்களே உட்கார்ந்து கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு கதை திருப்தியாக இல்லையென்று படத்தின் பெரும்பகுதியை அவர்களே மறுபடி செய்து, 1999 நவம்பரில் வெளியிட்டார்கள் என்பது தனிக் கதை.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். கட்டளையைக் கொடுத்தது யார் என்று தேடித் தண்டிக்கும் வேலையில் பிக்ஸார் இறங்கவில்லை. படத்தை மீட்பது, பேக்கப் முறையைச் சீர்செய்வது, அழிக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது, இதைத்தான் பார்த்தார்கள். ஒரு கை தவறுவது சகஜம். ஒரு கை தவறியதற்கே முழுப் படமும் போகும் என்றால், கோளாறு கையில் இல்லை.

இரண்டாவது கதை 2017. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்லாப் தளம். ஜனவரி 31-ந் தேதி இரவு ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழிக்க ஆரம்பித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் எடுக்கிற கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கே இடப் பிரச்சினை இல்லை. ஆனால் மௌனம் அதேதான். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. ஆனால் போலி மெயில்களைத் தடுக்கிற ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது எது? சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகல். மறுபடியும் ஒரு தற்செயல்! கிட்லாப் இதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

மூன்றாவது கதை ஜப்பானில். 2023 ஆகஸ்ட் 29. டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகள், 28 உற்பத்தி வரிசைகள் நின்றன. சைபர் தாக்குதலோ என்று உலகமே பேசியது. ஒரு வாரம் கழித்து நிறுவனம் சொன்ன காரணம்: டிஸ்க்கில் இடமில்லை. ஆகஸ்ட் 27-ல் வழக்கமான பராமரிப்பு நடந்திருக்கிறது. தரவுத்தளத்தில் சேர்ந்துபோனதை அழித்து ஒழுங்குபடுத்துகிற வேலை. அதன் நடுவில் இடம் போதாமல் பாகங்களுக்கான ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் நின்றன. சுத்தம் செய்வதற்கும் கொஞ்சம் காலி இடம் வேண்டும், பாருங்கள். அலமாரியை அடுக்க முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்புகிறோம் இல்லையா? அது மாதிரி.

பதிலுக்கு நிற்க மாற்று சர்வர் இருந்தது. ஆனால் அதுவும் அதே அமைப்பில் ஓடியதால், அதே கோளாறு அதற்கும் வந்தது. கடைசியில் பெரிய கொள்ளளவு உள்ள இன்னொரு சர்வருக்குத் தரவை மாற்றி, மறுநாள் ஆலைகளை ஓட்டினார்கள்.

மூன்றையும் என் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிக்ஸாரில் செய்தி எழுதப்படவே இல்லை. கிட்லாப்பில் எழுதப்பட்டு, வாசலில் திருப்பப்பட்டது. என் வீட்டில் வந்து நின்று, நான் பார்க்காமல் மூடினேன். டொயோட்டாவில் துணைக்கு இருந்தவனும் அதே படகில் உட்கார்ந்திருந்தான். இடம் தீர்வது பெரிய ஆபத்தே இல்லை. ஒரு புது டிஸ்க் வாங்கினால் முடிந்தது. தீர்ந்துபோன சேதி நம் காதுக்கு வராமல் இருப்பதுதான் ஆபத்து. காவலாளியையும் நகையையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினால் அவன் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

அதனால் நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பேக்கப் டிஸ்க்கை, காக்க வேண்டிய தரவைப் போல இரண்டு மடங்காவது பெரியதாக வாங்கினேன். ஏன்னா பேக்கப் மென்பொருள்கள் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும், நாளடைவில் அதுதான் இடத்தைத் தின்னும். எத்தனை மாதப் பதிப்பு வேண்டும் என்று அமைப்பில் வரம்பு வைத்தேன். இடமில்லை என்று வந்தால் அவசரத்தில் பேக்கப் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிப்பதில்லை. ஒரு பதிப்பு இன்னொன்றை நம்பி இருக்கலாம், அதனால் மென்பொருள் வழியாகவே பழையதை நீக்குகிறேன். மாதம் ஒருமுறை கடைசித் தேதியைப் பார்த்து, ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறக்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப் ஏட்டுச் சுரைக்காய்தான். இன்னொரு நகல் என் வீட்டிலேயே இல்லை; தம்பி வீட்டில் இருக்கிறது.

அத்தையின் பதிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அத்தை மகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அண்ணா, பதிவு பண்ணின அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் வாட்ஸப்ல அனுப்பினீங்களே, அம்மா பேசினதுன்னு?" என்றாள். எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. நாற்பது நிமிடம். அவள் போனில் அப்படியே இருந்தது. கேலின் சஸ்மன் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி, பாதுகாப்புக்காக அல்லாமல் பாசத்துக்காக எடுத்த நகல்.

மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிடம். மீதி போனது போனதுதான். அடுத்த எபிசோடில் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் கேட்கப் போகிறீர்கள். அதற்குள் உங்கள் பேக்கப்பின் கடைசித் தேதி என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.