புதியவர் கட்டுரைகளும் தமிழ் விக்கிப்பீடியாவின் தேக்கமும்

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், கணக்குத் தொடங்கிய கையோடு கட்டுரை ஒன்றை வெளியிட்டுவிடலாம். ஆங்கிலத்தில் 2018 முதல் அது நடக்காது. கணக்குக்கு 4 நாளும் 10 திருத்தமும் ஆகாதவர் வரைவாகத்தான் தர முடியும். அது சரிபார்ப்பவர் கண்ணில் பட வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். தமிழில் அப்படி வாசலில் காத்திருப்பு இல்லை. தேக்கம் உள்ளே சேர்கிறது: வெளியான கட்டுரையின் தலையில் துப்புரவு வேண்டும் என்ற அறிவிப்பு வார்ப்புருவோ மேற்கோள் தேவை என்ற குறிப்போ ஏறி, ஆண்டுக்கணக்கில் இறங்காமல் கிடக்கும்.

வார்ப்புரு இடுவது நொடி வேலை. திருத்துவதற்குத்தான் ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

காவிரிப் படுகையிலிருந்து எழுத வருபவர் பெரும்பாலும் தம் ஊரையோ ஊர்க் கோயிலையோ எடுத்துக்கொள்வார். தலபுராணத்தை எங்கிருந்தாவது அப்படியே படியெடுத்து ஒட்டியிருந்தால் பதிப்புரிமைச் சிக்கல். நீக்குவதைத் தவிர வழியில்லை. சொந்த நடையில் எழுதியிருந்தாலும் சிக்கல் தீராது. கும்பகோணம் நகருக்குள் இருக்கும் நாகேசுவரர் கோயில் தேவாரம் சொல்லும் குடந்தைக் கீழ்க்கோட்டம். சற்றுத் தள்ளியுள்ள திருநாகேசுவரத்தின் நாகநாதர் கோயில் ராகு தலம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய வரியை வெளியூர்த் திருத்துநர் கண்டுபிடிப்பது கடினம். மாவட்டப் பெயர் இன்னொரு தலைவலி. திருவெண்காடு 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன்பின் நாகப்பட்டினம், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை. பழைய நூலை நம்பி எழுதியவர்மீது குற்றமில்லை, ஆனால் கட்டுரை தவறு.

தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற பௌத்த ஆய்வாளர் பா. ஜம்புலிங்கம் போன்றோரின் பங்களிப்பு இங்கேதான் எடைபெறுகிறது. கோயிலுக்கு நேரில் போய்ப் படமெடுத்து எழுதுபவர் அவர்.

கட்டுரைகள் மொத்தமாக வந்து குவிந்ததும் உண்டு. 2009-11 காலத்தில் கூகுள் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலக் கட்டுரைகளை மென்பொருள் துணையோடு தமிழாக்கி ஏற்றினார்கள். நீளம் இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை. உரையாடல் பக்கத்தில் கேட்டால் பதில் வராது. வங்காள விக்கிப்பீடியர்கள் கதவடைத்தார்கள். தமிழர்கள் கூகுளோடு பேசித் தரத்தை உயர்த்தப் பார்த்தார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் அந்த அனுபவத்தை முன்வைத்தார்.

2017இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி நடந்தபோது நிலைமை வேறு. அந்த மே மாதம் கட்டுரை எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியது. புதியவர்கள் கேள்வி கேட்டார்கள், பதில் சொல்லவும் ஆள் இருந்தது. தேறாத கட்டுரையை நீக்காமல், எழுதியவரின் மணல்தொட்டி எனப்படும் சோதனைப் பக்கத்துக்கு நகர்த்தி, பேச்சுப் பக்கத்தில் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவைப்பது இன்றும் கைகொடுக்கும் வழி.