ஈயத்துக்குச் சட்டை

பழவேற்காட்டு ஏரியில் வீச்சுவலை எறிகிறவருக்கு ஈயத்தின் குணம் அத்துப்படி. வலையின் விளிம்பு நெடுக ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். வலை வட்டமாக விரிந்து விழுந்ததும் அந்தக் கனம்தான் விளிம்பைச் சேறுவரை இழுத்துப் போகும். மடவை துள்ளி வெளியேறுவதற்குள் வலை தரை தட்டியாக வேண்டும். இரும்பைக் கட்டினால் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து நூலை அறுக்கும். ஈயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம் எடை; அதே அளவு இரும்பு எட்டு கிராம்கூடத் தேறாது. 327 டிகிரியில் உருகிவிடுவதால் விறகடுப்பே போதும், உலைக்களம் தேவையில்லை.

துப்பாக்கிக்காரனும் ஈயத்தைத் தேடிப் போனது இதற்காகத்தான். கனமான பொருள் காற்றை எதிர்த்து தூரம் போகும். எளிதில் உருகுவதை அச்சில் வார்த்துக்கொள்ளலாம். மென்மையானது இரும்புக் குழலைத் தேய்க்காது. இவற்றோடு நான்காவதாக ஒரு குணம், வலைக்காரருக்குப் பயன்படாதது: பட்ட இடத்தில் ஈயம் நசுங்கி அகலும். இந்த நான்காவது குணத்தை அடக்குவதற்கும் பிறகு அவிழ்த்துவிடுவதற்கும் நானூறு ஆண்டுகளாக மனிதர்கள் பட்ட பாடுதான் குண்டின் வரலாறு. வெடிமருந்தின் வேகம் கூடும்போதெல்லாம் பழைய குண்டு தோற்றது. புதுக் குண்டு வேண்டியிருந்தது.

மருந்து என்றால் பழவேற்காட்டையே முதலில் சொல்ல வேண்டும். 1610-இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே கடை போட்டார்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதை அழித்தார்கள். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். துணி ஏற்றுமதி ஆனது, அடிமைகளும் ஏற்றுமதி ஆனார்கள். கோட்டையை ஒட்டி ஒரு வெடிமருந்து ஆலையும் இயங்கியது. அதன் கருமருந்து படேவியா முதலான கீழைக் கிடங்குகளுக்கும் தாய்நாடு திரும்பும் கப்பல்களின் பீரங்கிகளுக்கும் போனது. மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய டச்சுக் கல்லறைகளைப் படம் பிடிக்க வருகிறவர்களில் இந்த ஆலையைப் பற்றிக் கேட்பவர் அநேகமாக யாரும் இல்லை. கோட்டையை ஆங்கிலேயர் 1806-இல் இடித்துவிட்டார்கள்; மிச்சம் புதர் மண்டிய மேடு. அதே தண்ணீரோரத்தில் இன்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மீனவர்கள் முறை வைத்துப் ‘பாடு’ பிரித்து இறால் பிடிக்கிறார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்கான திட எரிபொருள் தயாராகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏரிக்கும் எரிமருந்துக்கும் ஏதோ விட்ட குறை தொட்ட குறை இருக்கிறது.

கருமருந்துக் காலத்தில் குண்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தையில்லை. குழலின் அகலத்துக்கு ஓர் அச்சு. அதில் வார்த்த உருண்டை. ஒவ்வொரு முறை சுட்டதும் குழலுக்குள் கரி படியும் என்பதால் உருண்டையைச் சற்றுச் சிறிதாகவே வார்ப்பார்கள். மருந்தை அளந்து ஊற்றி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். தோட்டாவைக் கையால் நிரப்புவது இன்று அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு. அன்று அதைவிட்டால் வேறு வழியே கிடையாது.

எல்லாவற்றுக்கும் ஒரே உருண்டை என்பதற்கு வேட்டைக்காரர்கள்தான் முதலில் முரண்டு பிடித்தார்கள். இலங்கையின் நுவரெலியாவிலும் நீலகிரியிலும் ஆங்கிலேயர் கடமானை ‘எல்க்’ என்றே அழைத்தார்கள். ஊட்டியில் முருகன் கோயில் இருக்கும் எல்க் ஹில் அந்த நாளின் மிச்சம். 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் கடமானை வேட்டை நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால்தான் முடித்தார். ஆனால் ஈயத்தைப் பற்றி அவருக்குத் திட்டமான அபிப்பிராயம் இருந்தது. யானைக்கு வேறு உலோகம் கலந்து கடினமாக்கிய ஈயம். மான், புலி போன்ற மெல்லிய தோல் விலங்குகளுக்குக் கலப்பில்லாத மெல்லிய ஈயம். யானையின் மண்டையில் மெல்லிய குண்டு நசுங்கி நின்றுவிடும். மானின் உடலில் கடினக் குண்டு ஊசித் துளை போட்டு மறுபக்கம் போய்விடும்; மான் பல மைல் ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். இன்றைய வேட்டைக்காரர்கள் நுணுக்கமாக வாதிடுவதெல்லாம் இந்த இரண்டு தோல்விகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்பதைத்தான்.

இதற்கிடையில் குண்டு நீளமாகிவிட்டது. குழலின் உட்பக்கத்தில் திருகுச் சால் வெட்டி, அதைப் பற்றிச் சுழன்று வெளியேறும் கூம்புக் குண்டை ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவுக்கு வழுவழுப்புக்காகக் கொழுப்புத் தடவினார்கள். அது பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் கிளம்பிய இடம் கல்கத்தாவை அடுத்த டம்டம். அதன் பிறகு நடந்தது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

டம்டம்மின் பேர் இன்னொரு முறை அடிபடவேண்டியிருந்தது. அதற்குக் காரணம் புகையற்ற மருந்து. 1884-இல் பிரெஞ்சுக்காரர் போல் வியேய் அதைக் கண்டார். 1889-இல் ஆங்கிலேயர்களுக்குக் கார்டைட் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் அதற்கென்றே தொழிற்சாலை கட்டினார்கள். மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் 31 கிராம் ஈயக் குண்டு கருமருந்தில் விநாடிக்கு 410 மீட்டர் போனது. கார்டைட் நிரப்பிய .303 ரைஃபிளின் 14 கிராம் குண்டு 600 மீட்டர் போனது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் திருகுச் சாலைப் பற்றிக்கொள்ளாமல் சீவிக்கொண்டு போகும். குழல் முழுக்க ஈயம் அப்பும். ஆகவே குண்டுக்குச் செம்புக் கலவையில் சட்டை போட்டார்கள்.

சட்டை போட்டதும் ஈயம் நசுங்க மறுத்தது. 1895 சித்ரால் படையெடுப்பில், சுடப்பட்டவர்கள் விழாமல் ஓடிவருகிறார்கள் என்று சிப்பாய்கள் முறையிட்டார்கள். டம்டம் ஆயுதச் சாலையின் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே செய்த மாற்றம் அற்பமானது: சட்டையின் முனையைக் கொஞ்சம் குறைத்து ஈயத்தை எட்டிப்பார்க்கவிட்டார். பட்டவுடன் முனை மலர்ந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு விரிந்தது. எல்லைப்புறப் பட்டாணியர்களின் உடலில் அது செய்த காயத்தைக் கண்டு ஐரோப்பாவே அலறியது. 1899 ஜூலை 29 அன்று ஹேக் மாநாட்டில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்யும் பிரகடனம் வந்தது. பிரிட்டன் முரண்டு பிடித்து 1907-இல்தான் ஒப்புக்கொண்டது. பதினேழாம் நூற்றாண்டு முழுக்க இதே நசுங்கும் ஈயத்தால்தான் மனிதர்கள் மனிதர்களைச் சுட்டார்கள்; அப்போது யாரும் மாநாடு கூட்டவில்லை.

மனிதன்மேல் தடையான குண்டு மான்மேல் கட்டாயமானது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி, ரைஃபிளால் மானைச் சுடுகிறவர் விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும். இரண்டு சட்டமும் ஒரே உடற்கூறு உண்மையைத்தான் நம்பியிருக்கின்றன. அகலமான காயம் விரைவில் கொல்லும். போரில் அது கொடுமை என்று பெயர் பெற்றது, வேட்டையில் கருணை.

இனி அமெரிக்க மலைக்காட்டு எல்க். கடமானைவிடப் பெரிது; ஆண் 300 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு தடிமனானது. அதற்குத் தோட்டா தயாரிக்கிறவர் சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகுவார். எடையெல்லாம் கிரெய்ன் கணக்கு. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. .30 ரைஃபிளுக்கு 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம், எல்க் வேட்டைக்குப் பழகிப்போன எடை. வேகம் விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல். பிரச்சினை அங்கேதான். அருகில் நிற்கும் எல்க்கின் தோளில் அந்த வேகத்தில் மோதினால் மெல்லிய குண்டு தூள்தூளாகும். தோல் கிழியும், நுரையீரலுக்கு எதுவும் எட்டாது. 400 மீட்டர் தள்ளி நின்றால் அதே குண்டு வேகம் குறைந்து அழகாக மலரும். கடினமான குண்டை எடுத்தால் எல்லாம் தலைகீழ். எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கும் மிருகத்தைச் சுடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதவருக்குக் குண்டு தேர்வு சூதாட்டம்தான்.

1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவரின் குண்டுகள் சேறு அப்பிய மூஸ் ஒன்றின் உடலில் உடைந்து, மிருகம் விழாமல் நின்றது. அவர் ஊர் திரும்பிச் சட்டைக்குள் நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்தார். முன் அறை ஈயம் மலர்ந்து சிதறட்டும். பின் அறை ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து கனத்தோடு உள்ளே தள்ளட்டும். 1948 முதல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. பேக்கரின் மெல்லிய ஈயத்தையும் கடின ஈயத்தையும் ஒரே குண்டில் வைத்த காரியம் அது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தீர்வும் அதுவே.

ஆனால் சிதறிய முன்பாதி எங்கே போயிற்று? சுட்டுக் கொன்ற மான்களை எக்ஸ்ரே எடுத்தபோது, குண்டு போன தடத்தைவிட்டு விலகியும் ஈயத் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போன குடலைத் தின்று கலிபோர்னியக் கழுகுகள் செத்தன. 1987-இல் அந்த இனத்தில் உலகெங்கும் இருந்தவை 27 பறவைகள். கூண்டில் வளர்த்து மீண்டும் காட்டில் விட்டபிறகும் ஈயமே பெரிய எமனாக இருந்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றது. மாற்று முழுச் செம்புக் குண்டு: முனையில் குழி, பட்டதும் இதழ் இதழாக விரியும், உடையாது. செம்பு ஈயத்தைவிட எடை குறைவு. ஒரே எடைக்குக் குண்டு நீண்டுவிடும், நீண்ட குண்டு கூட்டுக்குள் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 180 கிரெய்ன் போட்டவர்கள் 165-க்கோ 150-க்கோ இறங்குகிறார்கள்.

நீர்ப்பறவைகளின் கதை இன்னும் பழையது. வாத்து சுடும் ரவை குளத்தின் அடியில் விழும். இரையை அரைக்கக் கல் விழுங்கும் பறவைகள் அதையும் விழுங்கும். அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தது. இங்கிலாந்தில் அன்னங்கள் செத்ததற்குத் தூண்டில் ஈயமே காரணம் என்று 1987-இல் சிறு ஈய எடைகளைத் தடுத்தார்கள். பூநாரை வரும் பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980 முதல் சரணாலயம். அங்கே சுடுவதற்கு வழியில்லை. ஆனால் அறுந்த வலைகளிலிருந்து சேற்றில் தங்கும் ஈயத்தைப் பற்றிச் சட்டம் பேசுவதில்லை. இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள் சில ஆண்டுகளில் பழகிக்கொண்டார்கள். ஆனால் மாற்று உலோகத்தின் விலையை வீச்சுவலைக்காரர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. கொடுக்க வேண்டியது மீன்வளத் துறை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இன்று கடமான் வேட்டைக்கு இடமில்லை. உரிமமின்றித் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம். ராணுவ .303 பொதுமக்களுக்குக் கிடையாது, பெரும்பாலும் இஷாப்பூர் ஆலையின் .315-தான் கிடைக்கும். அதற்கு புனேயின் கட்கி ஆலை தருவது முனையில் ஈயம் தெரியும் தோட்டா. அமெரிக்கர் ஆண்டுக்கணக்கில் வாதிடும் தேர்வு இங்கே கடைக்காரரிடம் இருப்பதோடு முடிகிறது. அந்தத் தோட்டாவுக்கும் வேலை வந்த இடங்களில் ஒன்று கேரளம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உரிமத் துப்பாக்கிக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரம் 2022-இல் அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பன்றியின் இறைச்சியை உண்ணக் கூடாது, புதைக்க வேண்டும். குண்டு உடைந்து கறி வீணாகுமே என்ற கவலை அங்கே யாருக்கும் இல்லை.